கூழில் பிளீச்சிங் பவுடர் போட்டவர்

அந்த அம்மாவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள், மீதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். இரண்டையும் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. எங்கள் வார்டுக்குச் சுகாதார ஆய்வாளராக வந்தவர், போளூர் பக்கத்துக்காரர். தெரு அவருக்கு வைத்த பெயர் டிரில் மேடம். காதுபடவே அப்படித்தான் சொன்னார்கள். அவர் அதைச் சட்டை செய்ததில்லை.

ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கைத்தறி, மீதியில் விசைத்தறி. நான் குஞ்சம் கட்டுகிறவள். தறியிலிருந்து இறங்கிய பட்டுச் சேலையின் முந்தி நூலை முடிச்சுப் போட்டுக் குஞ்சமாக்கித் தருவேன். அவர் முதல் தடவை தெருவுக்குள் நுழைந்தபோதும் மடியில் ஒரு சேலையோடுதான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வருகிற அதிகாரிகள் வழக்கமாகக் கேட்பது என்ன? குப்பையை எங்கே கொட்டுகிறீர்கள், தொட்டியை மூடி வைத்திருக்கிறீர்களா, கொசு இருக்கிறதா. இவர் நேராக என்னிடம் வந்து, "ஏம்மா, உங்க தெருக் குடிதண்ணிக்கு வால்வு எங்க இருக்குது?" என்றார்.

எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவிலேயே இருக்கிற பெரியவர்களுக்கும் தெரியாது. தண்ணீர் வந்தால் பிடிப்போம், வராவிட்டால் திட்டுவோம். அதற்குமேல் எங்களுக்கு என்ன தெரியும்? கடைசியில் அவரேதான் கண்டுபிடித்தார். தெருமுனையில் இட்லிக் கடைக்காரர் அடுப்பு வைத்திருந்த கல்லுக்கு அடியில் இருந்தது. நல்ல வியாபார நேரத்தில் அடுப்பை நகர்த்தச் சொன்னார். இட்லிக் கடைக்காரர் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே நகர்த்தினார். கல்லைப் புரட்டினால் கரப்பான்பூச்சிகள் நாலா பக்கமும் ஓடின. உள்ளே துருப்பிடித்த வால்வு. அதற்கு எண்ணெய் விட்டு, நீளமான இரும்புச் சாவியை மாட்டி, என் பக்கம் திரும்பி, "திருப்புங்க" என்றார்.

இது தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் செய்யவேண்டிய வேலை என்றேன்.

"அவரு சேவூர்ல இருக்காரு. வண்டியை எடுத்துகினு வர்றதுக்குள்ள தெருவே ஆளுக்கு ஒரு சொம்பு குடிச்சு முடிச்சிருக்கும். திருப்புங்கம்மா."

திருப்பினேன். உள்ளங்கை தோலுரிந்தது. அன்றைக்கு என் தலையில் விழுந்த வேலை அது.

எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று எங்கள் ஊரை அறியாதவர்கள் கேட்கலாம். தெருவுக்குப் பின்னால் சாயப் பட்டறைகள் இருக்கின்றன. பட்டுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் எங்கள் கால்வாயில்தான் ஓடும். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் கிளிப்பச்சை. குடிதண்ணீர்க் குழாய் அந்தக் கால்வாயை ஒட்டியே வருகிறது, சில இடங்களில் அதற்குள்ளேயே கிடக்கிறது. அது போதாதென்று வீட்டுக்கு வீடு குழாயில் மோட்டார் மாட்டியிருந்தோம். தண்ணீர் விட்ட உடனே எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் இழுக்கும். குழாயில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே கால்வாய்த் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். சில நாள் குடத்தில் லேசாகச் சிவப்பு தெரியும். வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? நம்ம சாயம்தானே என்று தெளியவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் குடிப்போம். காலமெல்லாம் சாயத்தோடு கிடக்கிற ஜனங்கள், சாயத்துக்குப் பயப்படுவோமா? சாயம் ஏறுகிற வழியில் வேறு என்னவெல்லாம் ஏறும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதை அந்த அம்மா எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். "சாயம் வருதுன்னா சாயம் மட்டுமா வருது? அல்லார் வூட்டு கக்கூஸும் சேர்ந்துதாம்மா வருது." பெண்கள் சீச்சீ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். குடிக்கிறபோது வராத அருவருப்பு, சொன்னபோது வந்துவிட்டது.

மேலேயிருந்து வந்த அவசரகாலத் திட்டம் ஒன்று அவர் ஆபீசில் இருந்தது. தலையணை கனத்துக்கு இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். தொற்று நோய் வந்தால் எந்த அதிகாரி எந்த அதிகாரிக்குச் சொல்லவேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்ததாம். அதை அவர் எங்கள் தெரு அளவுக்கு வெட்டிச் சுருக்கினார். குடத்தில் சாயம் தெரிந்தால் யாரையும் கேட்கவேண்டாம், வால்வை மூடு. அது என் வேலை. வீடு வீடாகப் போய்க் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று சத்தம் போடுவது என் ஓரகத்தி சுமதியின் வேலை. லாரித் தண்ணீருக்குப் போன் செய்வது எங்கள் தெருத் தையல்காரரின் வேலை. யாருக்காவது வயிற்றால் போனால் அந்த வீட்டில் யாரும் வெளியே வேலைக்குப் போகக் கூடாது. பொதுச் சாப்பாடு கூடாது. அவ்வளவுதான் திட்டம். இதைச் சனிக்கிழமைதோறும் நடத்திப் பார்த்தார். தெருமுனையில் நின்று "சாயம்!" என்று குரல் கொடுப்பார். நாங்கள் ஓட வேண்டும்.

"கை பழகணும். அன்னிக்கு மூளை வேலை செய்யாது." எப்போது அலுத்துக்கொண்டாலும் இதுதான் பதில்.

எதையும் நடப்பதற்கு முன்னால் ஒரு தடவை நடத்திப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. சேவூரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். பந்தியில் உட்காராமல் நேரே சமையல் கட்டுக்குப் போய் டிரம்மில் இருந்த தண்ணீரை முகர்ந்து பார்த்தார். அடுப்பு பக்கத்தில் வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்த்தார். சமையல்காரர் முறைத்தார். கைப்பையைத் திறந்தால் குங்குமச் சிமிழ், அதன் பக்கத்தில் வயிற்றால் போனால் கரைத்துக் குடிக்கிற ஓஆர்எஸ் பாக்கெட். உங்களுக்கு நிம்மதியாகவே இருக்கத் தெரியாதா மேடம் என்று கேட்டுவிட்டேன். எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி நிம்மதிதான் என்று சொல்லி உட்கார்ந்தவர், பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் ஆள் இங்கிதம் தெரியாதவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை ஒரு வீட்டுக்கு வேலூரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்கும் டிரில் வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைத் தூக்குகிற சமயம் பார்த்து, "குழாய்த் தண்ணி குடிக்காதீங்கோ" என்று சுமதி வாசலில் கத்த, அந்த அம்மாள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். பெண்ணின் அப்பா கொதித்துக்கொண்டு வந்தார். தப்புதான், இனிமேல் நாள் பார்த்து வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் கேட்டது: "டம்ளரைப் போட்டாங்களா, குடிச்சிட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

"அப்ப டிரில் நல்லா நடந்திருக்குது."

எனக்கே ஓர் அறை விடலாம் போல இருந்தது.

சுமதிக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு வெண்கலத் தொண்டை. இடுப்பில் கை வைத்து மேடம் மாதிரியே நடந்து காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். மேடமே ஒரு தடவை பார்த்துவிட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல், கோடி வீட்டுக்குக் கேட்காது என்றார். அவள் புருஷன், என் கொழுந்தன், நாலு விசைத்தறி வைத்திருக்கிறவன். தெருவிலேயே பெரிய மோட்டார் அவனுடையது. மோட்டாரைக் கழற்றுங்கள் என்று மேடம் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

பிறகு உண்மையிலேயே வந்தது. ஆடி வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். வீட்டுக்கு வீடு மாவு வாங்கி முந்தின நாளே காய்ச்சி வைத்த கூழைக் காலையில் குழாய்த் தண்ணீர் விட்டுக் கரைத்து, மோர் ஊற்றி, அண்டா அண்டாவாக வைத்திருந்தார்கள். கரைத்து முடித்த பிறகுதான் சுமதியின் குடத்தில் அரக்குத் தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் நான் மடியிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என்ன ஏது என்று யோசித்ததாக நினைவில்லை. வால்வை மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

மேடம் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். கூழ் ஊற்றவேண்டாம் என்றார். பெரியவர்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். தெருவின் கீழ்ப்பாதியில், பள்ளத்து வீடுகளில் ஏற்கெனவே தண்ணீர் குடித்தவர்கள் இருந்தார்கள், ஒரு குழந்தைக்கு அப்போதே வயிற்றால் போக ஆரம்பித்திருந்தது. அவர் அங்கே போய்த் திரும்புவதற்குள் கோயிலுக்குப் பின்பக்கம் வரிசை நிற்கிறது, சொம்பும் கையுமாக. அம்மன் கூழ் யாரை என்ன செய்யும் என்று ஊற்றப் போகிறார்கள். அந்த அம்மா நேராக ஆட்டோவுக்குப் போனார். அதில் இருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் தூக்கி வந்து, அண்டாவுக்குள் கொட்டி, கூழ்க் கரண்டியாலேயே ஒரு கலக்குக் கலக்கினார்.

நெடி மூக்கில் ஏறியது. யாரோ சேற்றை வாரி அவர்மேல் அடித்தார்கள். புடவையில் வழிந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டு, "இன்னும் எந்த வூட்ல அண்டா இருக்குது?" என்று கேட்டார்.

அடுத்து வந்த நாட்களில் பள்ளத்து வீடுகளில் நிறையப் பேர் படுத்தார்கள். ஆனால் படுத்தவர்களுக்குக் கையில் ஓஆர்எஸ் இருந்தது, வாசலில் லாரித் தண்ணீர் இருந்தது. செய்யாருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்ணை, அவள் அம்மா படுத்திருக்கிறாள் என்று தெரிந்து, படியில் ஏறின காலை இறக்கவைத்து மேடம் வீட்டுக்கு அனுப்பினார். நீ ஒருத்தி போனால் கேன்டீன் முழுக்கப் போகும் என்றார். அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டார். மேல்பாதித் தெருவுக்கு நோய் ஏறவில்லை. அடுத்த தெருவுக்குப் போகவில்லை. ஓர் உயிர் போகவில்லை.

அதுதான் அவர் செய்த குற்றம். ஓர் உயிராவது போயிருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பார்கள். ஒருத்தரும் சாகவில்லையா, உடனே கதை மாறிவிட்டது. ஒண்ணுமே ஆகலையே, இதுக்கா அம்மன் கூழை நாசம் பண்ணா? நாலு பேருக்கு வயித்தால போச்சு, அதுக்கா இந்தப் பேஜார்? வயித்தால போகிற தெரு என்று பேராகி, ஜவுளிக்கடைக்காரர்கள் கொஞ்ச நாள் சேலை எடுக்க வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலையும் அவர் தலையிலேயே கட்டினார்கள். ஓஆர்எஸ் குடித்துப் பிழைத்த வாயே, உளுத்துப்போவா என்று சாபம் கொடுத்தது. என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா வரவில்லை, அந்த வாசலிலேயே நின்று நானும் திருப்பிக் கொடுத்தேன்.

என் கொழுந்தன்தான் வேன் பிடித்தான். வார்டு மெம்பரையும் கோயில் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போய் யாரையோ பார்த்தான். அம்மனை அவமதித்த அதிகாரி. அவ்வளவு போதாதா? கலசப்பாக்கம் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

போகிற அன்று வீட்டுக்கு வந்து வால்வுச் சாவியைக் கொடுத்தார். ஆபீசில் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், நீ வைத்துக்கொள், அப்பப்போ திருப்பிப் பார், துருப் பிடித்துவிடும் என்றார்.  சுமதி வாசல்வரை அழுதுகொண்டே போனாள்.

சொன்னபடி திருப்பிக்கொண்டுதான் இருந்தேன், சிமென்ட் ரோடு வரும்வரை. வார்டு மெம்பர் பேரைப் போட்டுப் பலகை வைத்து ரோடு போட்டார்கள். வால்வின்மேலேயே பூசினார்கள். நான் நடு ரோட்டில் நின்று கத்தினேன். மேஸ்திரி, மேலே சொல்லுங்கம்மா என்றான். மேலே போனேன். புதிதாக வந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், டீ சொன்னார். அலமாரியில் அந்தத் தலையணைத் திட்டம் புது அட்டை போட்டு நின்றது. வால்வை மூடிவிட்டார்கள், சிமென்ட்டால் மூடிவிட்டார்கள் என்றேன். "அதெல்லாம் பிளான்ல இருக்கும்மா, நீங்க பயப்படாதீங்க" என்றார். அந்த டீயை நான் தொடவில்லை. இட்லிக் கடைக்காரர் பழைய இடத்திலேயே, பளபளவென்ற சிமென்ட்டின்மேல், அடுப்பைத் திரும்ப வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம். தெருவில் மூச்சுவிட நேரமில்லை, சேலை கேட்டு ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்த சமயம். சுமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் முந்தின நாளெல்லாம் வயிற்றால் போய்க் கிடந்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. ஓடினேன். கண் குழிந்து, உதடு வெடித்து, விரலெல்லாம் சுருங்கிப் படுத்திருந்தாள். தெருவையே எழுப்புகிற தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டேன்.

"சாயம் வந்துச்சுக்கா. கத்தலாம்னு வாசலுக்கு வந்தேன். அவருதான் கைய புடிச்சு உள்ள இஸ்துகினு போயிட்டாரு. யாவாரம் கெட்டுடும்னாரு. வடிகட்டிக் குடிச்சோம்."

வேலூருக்குக் கொண்டு போகிற வழியில் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் பந்தல் போட்டார்கள். வந்தவர்கள் குடிக்க நீல டிரம்மில் தண்ணீர், மேலே ஒரு டம்ளர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அவன் மோட்டாரிலிருந்து. அவள் செத்தது எதனால் என்று தெரிந்த பிறகும் அதே மோட்டார், அதே குழாய், அதே தண்ணீர். எனக்கு அது கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தேன்.

யார் சொன்னார்களோ, மேடம் கலசப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். பந்தலே அவரைப் பார்த்தது. கட்டிக்கொண்டு அழுவார் என்று எழுந்தேன். அவர் என்னைத் தாண்டி நேராக டிரம்முக்குப் போனார். ஒரு கிழவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினார், டிரம்மையும் சாய்த்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "வால்வை மூடினியா?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? பிணம் கிடக்கிற வீட்டில், அதுவும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய சுமதியின் வீட்டில், கேட்கிற கேள்வியா இது? நீ மனுஷியா என்று கேட்டேன். பந்தலுக்கே கேட்கும்படி கேட்டேன்.

"அழுவறது அப்புறம்" என்றார். அவருடைய முகவாய் ஆடிக்கொண்டிருந்தது. "இன்னும் குடிச்சிகினு இருக்காங்கம்மா. சாவி எங்க?"

கதவுக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்து வந்தேன். வால்வின்மேல் சிமென்ட் இருக்கிறது என்றேன். கடப்பாரை என்றார். இட்லிக் கடைக்காரர் யாரும் சொல்லாமல் அடுப்பை நகர்த்தினார், கடப்பாரையும் அவர்தான் கொண்டுவந்தார். வார்டு மெம்பர் ஓடி வந்து, புது ரோடு, பர்மிஷன் இல்லாமல் உடைக்கக் கூடாது, சாவு காரியம் முடியட்டும் என்றார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. நானும் மேடமும் மாறி மாறிக் குத்தினோம். கொழுந்தன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேண்டாம் அண்ணி, இன்னிக்கு வேண்டாம் என்றான்.

"உம் பொண்டாட்டி கத்த வேண்டியதை நீ கத்து. போ. வூடு வூடா போய்க் கத்து" என்றேன்.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கத்தினது தையல்காரர்தான். சிமென்ட் பெயர்ந்து வால்வு தெரிந்ததும் சாவியை மாட்டித் திருப்பினேன். முழு பலத்தையும் போடவேண்டியிருந்தது. மூடிய பிறகு அந்த அம்மா வீட்டுக்குள் போனார். சுமதியின் கால்மாட்டில் உட்கார்ந்தவரை, அவளை எடுக்கும்வரை எழுப்ப முடியவில்லை. அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு முகாம் போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், குழாயை மாற்றப் போவதாகப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளம் இன்னும் கிடக்கிறது. வேறு யாரும் சாகவில்லை. போன வாரம் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள், நல்ல வேளை, ஒருத்தரோட போச்சு என்று. ஒருத்தரோட போச்சாம். கையிலிருந்த டீயை அவர்கள் பெஞ்சின்மேல் ஊற்றிவிட்டு வந்தேன்.

ரோட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது, சீக்கிரம் பூசிவிடுவோம் என்று வார்டு மெம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சாவியும் கடப்பாரையும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. பூச வரட்டும்.